மலையில் 100 ஆக்டேன் பெட்ரோல் போட்டால் ஸ்போர்ட்ஸ் காருக்கு இழுவை கூடுமா?

நீங்கள் கேட்டிருப்பது இது. கோத்தகிரியில் இருக்கிறீர்கள். இரண்டு லிட்டர் டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் விசிறி) பெட்ரோல் இன்ஜின் கொண்ட ஒரு ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் காரை இன்னொருவரிடமிருந்து வாங்கியிருக்கிறீர்கள். பெட்ரோல் மூடியைத் திறந்தால் உள்பக்கம் 98 ஆக்டேன் போடுவது நல்லது, குறைந்தது 95 வேண்டும் என்று எழுதியிருக்கிறது. கோவையில் அம்பு மாதிரி பாய்கிற வண்டி ஊட்டிப் பக்கம் வந்தால் மந்தமாகிவிடுகிறது. நண்பர் ஒருவர், ‘100 ஆக்டேன் போடுங்கள், மலையில் பறக்கும்’ என்கிறார். லிட்டருக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு காசு கொடுத்து அதைப் போடலாமா?

இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஆக்டேன் கூடினால் சக்தி கூடுமா என்பது ஒன்று. உயரத்தில் போன சக்தியை ஆக்டேன் திருப்பித் தருமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு, மூடியில் எழுதியிருக்கும் எண் வரை ஆமாம், கொஞ்சம் கூடும். அந்த எண்ணைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் எதுவும் கூடாது. இரண்டாவதற்குப் பதில் இல்லை என்பதுதான். மலையில் குறைந்தது காற்று. அதை எந்தப் பெட்ரோலும் ஈடுகட்டாது. நான் பல வருடம் ஓர் இன்ஜின் சோதனைக் கூடத்தில் டைனோ என்ற சக்தி அளக்கும் கருவியில் இன்ஜினை ஓட்டி, பொறி வைக்கும் நேரமான டைமிங்கை அமைக்கிற வேலையில் இருந்தவன், இப்போது குன்னூரில் பட்டறை வைத்திருக்கிறேன். இந்த இரண்டு கேள்வியையும் கலந்து கேட்பவர்கள் நிறையப் பேர் வருகிறார்கள் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஆக்டேன் எண் என்றால் பெட்ரோலில் இருக்கும் சக்தியின் அளவு என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 91 ஆனாலும் 100 ஆனாலும் ஒரு லிட்டரை எரித்தால் வரும் வெப்பம் கிட்டத்தட்ட ஒன்றுதான், சுமார் 32 மெகாஜூல். அழுத்தமும் சூடும் ஏறும்போது தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு தாங்கும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. ஐசோ ஆக்டேன் என்ற திரவத்துக்கு 100, ஹெப்டேனுக்கு 0 என்று வைத்துக்கொண்டு, இந்த இரண்டின் எந்தக் கலவைக்குச் சமமாக ஒரு பெட்ரோல் தாங்குகிறது என்று ஒரு சோதனை இன்ஜினில் பார்த்து எண் கொடுக்கிறார்கள். பத்து மூட்டை தூக்கக்கூடிய ஆளிடம் இரண்டு மூட்டையைக் கொடுத்தால் இரண்டு மூட்டைதான் மேலே போகும். ஆக்டேனும் அப்படித்தான். பாரத்தை ஏற்றுவது இன்ஜின். பெட்ரோல் அதைத் தாங்குகிறது, அவ்வளவுதான்.

பாரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் எல்லாம் தெளிவாகும். பிஸ்டன் மேலே வந்து கலவையை அழுத்தும்போது, அது உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்பே ஸ்பார்க் பிளக் பொறி வைக்கிறது. பொறியிலிருந்து தீ பரவி, பிஸ்டன் உச்சியைத் தாண்டி ஏறக்குறைய 15 டிகிரி கீழே இறங்கும் நேரத்தில் அழுத்தம் உச்சத்தைத் தொட்டால் அந்த இன்ஜினுக்கு அதிகபட்ச இழுவை கிடைக்கும். ஆனால் தீ போய்ச் சேருவதற்குள் மூலையில் மிச்சமிருக்கும் கலவை, சூடும் அழுத்தமும் தாங்காமல் தானே ஒரேயடியாக வெடித்தால் அதுதான் நாக்கிங். உலோகத்தைச் சுத்தியலால் தட்டுவது போன்ற சத்தம் வரும். தொடர்ந்து நடந்தால் பிஸ்டன் விளிம்பு அரிக்கும், ரிங் பிடிமானம் உடையும். அதைத் தவிர்க்க, இன்றைய இன்ஜின் பிளாக்கில் திருகியிருக்கும் நாக் சென்சார் அந்த அதிர்வைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. கேட்டவுடன் கம்ப்யூட்டர் பொறி வைக்கும் நேரத்தைச் சில டிகிரி தள்ளிப்போடுகிறது. இன்ஜின் பிழைக்கும். இழுவை குறையும், அந்த வெப்பம் வீணாகச் சைலன்சர் வழியே போகும்.

ஆக, 98க்கு டைமிங் அமைத்த இன்ஜினில் 91 ஊற்றினால் கம்ப்யூட்டர் டைமிங்கைப் பின்னால் இழுத்து வைத்திருக்கும். 95 ஊற்றினால் கொஞ்சம் முன்னே வரும், 98 ஊற்றினால் வடிவமைத்தவர்கள் நினைத்த இடத்துக்கு வந்துவிடும். அந்த இடத்துக்கு வந்தபிறகு 100 ஊற்றினால், முன்னே போக மேப்பில், அதாவது கம்ப்யூட்டரில் எழுதிவைத்த டைமிங், அழுத்த அட்டவணையில், இடம் இருந்தால்தான் பயன். கம்பெனி மேப்பில் அந்த இடம் பொதுவாக மிகக் குறைவு. அந்தச் சிறிய மிச்சம் உங்கள் மாடலில் எவ்வளவு என்று வண்டியை ஸ்கேனரில் பார்க்காமல் என்னால் சொல்ல முடியாது. பத்து குதிரைத் திறன் கூடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அளந்து பார்த்த கணக்கும் இருக்கிறது. அமெரிக்காவின் ஏஏஏ என்ற வாகன ஓட்டிகள் சங்கம், சாதாரணப் பெட்ரோல் போதும் என்று கம்பெனி சொன்ன வண்டிகளில் பிரீமியம் எனப்படும் அதிக ஆக்டேன் பெட்ரோலை ஊற்றி 2016இல் சோதித்தது. கவனிக்கத்தக்க பலன் எதுவும் இல்லை. மறு வருடம், பிரீமியம் போடுவது நல்லது என்று கம்பெனி பரிந்துரைத்த வண்டிகளைச் சோதித்தபோது சராசரியாகச் சக்தி 1.4 சதவீதமும் மைலேஜ் 2.7 சதவீதமும் கூடியது. பரிந்துரை இருக்கிற வண்டியிலேயே இவ்வளவுதான். 250 குதிரைத் திறன் வண்டிக்கு 1.4 சதவீதம் என்றால் மூன்று, நான்கு குதிரை. சராசரி என்பதால் சில வண்டிகளில் இதைவிட நன்றாகவே கூடும். அழுத்தம் அதிகமாகக் கொடுக்கும் டர்போ இன்ஜின்கள் அந்தப் பட்டியலில் வரும், அதற்கு வருகிறேன். அமெரிக்க வீடியோக்களில் 87, 91, 93 என்று வரும் எண்களை நம்மூர் எண்களோடு ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம். அங்கே இரண்டு விதச் சோதனைகளின் சராசரியைப் போடுகிறார்கள், இங்கேயும் ஐரோப்பாவிலும் அதில் கூடுதலாக வரும் ஆர்ஓஎன் எண்ணை மட்டும் போடுகிறார்கள். அவர்களுடைய 93 ஏறக்குறைய நம்முடைய 98. உங்கள் மூடியில் இருப்பது ஐரோப்பிய எண்.

சரி, மலைக்கு வருவோம். ஊட்டி 2,240 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கைவிடச் சற்றுத்தான் அதிகம். ஊட்டியின் குளிர் காற்றைக் கொஞ்சம் அடர்த்தியாக்குவதால் இழப்பு முழுசாகத் தெரியாது. கோவையில் 30 டிகிரி, ஊட்டியில் 15 டிகிரி என்று வைத்துக் கணக்குப் போட்டால், ஒரு லிட்டர் இடத்தில் இருக்கும் காற்றின் எடை சுமார் 15 சதவீதம் குறைகிறது. உங்கள் கோத்தகிரிக்கு 12 சதவீதம் போல வரும். கொடைக்கானலும் ஏறக்குறைய ஊட்டி உயரம்தான், பத்தலகுண்டிலிருந்து ஏறிப்போகிறவர்களுக்கும் இதே கதை. டர்போ இல்லாத இன்ஜின் காற்றை எடையால்தான் உணர்கிறது; எவ்வளவு காற்றோ அவ்வளவு பெட்ரோல், அவ்வளவு சக்தி. கோவையில் 200 குதிரை கொடுத்த டர்போ இல்லாத இன்ஜின் ஊட்டியில் 170 போலத்தான் கொடுக்கும். 100 ஊற்றினாலும் 170 தான்.

இன்னும் ஒன்று உண்டு. காற்று குறைந்தால் சிலிண்டருக்குள் அழுத்தமும் குறைகிறது, உள்ளே போகும் காற்றும் குளிர்ந்திருக்கிறது. இரண்டும் நாக்கிங்கைக் குறைப்பவை. எனவே டர்போ இல்லாத வண்டிக்கு மலை மேல் ஆக்டேன் தேவை இறங்குகிறது, ஏறுவதில்லை. அமெரிக்காவில் ராக்கி மலையை ஒட்டிய மாநிலங்களில் மற்ற இடங்களைவிடக் குறைந்த ஆக்டேன் பெட்ரோலைச் சாதாரணப் பெட்ரோல் என்று விற்கும் வழக்கம் இதனால்தான் வந்தது. அது கார்புரேட்டர் காலத்து வழக்கம். உயரத்துக்குத் தகுந்தபடி தன்னைத் திருத்திக்கொள்ளும் இன்றைய இன்ஜின்களுக்கு அது அவ்வளவு பொருந்தாது. மலை மேலேயே ஓடும் பழைய வண்டிக்கு இது உதவும். ஆனால் அதே வண்டி மேட்டுப்பாளையம் வெயிலுக்கு இறங்கும் அன்று கீழே உள்ள தேவைதான் திரும்பி வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

உங்கள் டர்போ வண்டி வேறு மாதிரி. டர்போ, வெளிக்காற்று எவ்வளவு மெலிந்திருந்தாலும் இன்ஜினுக்குள் போகும் அழுத்தத்தைக் கம்ப்யூட்டர் கேட்ட அளவுக்குக் கொண்டுவர முயல்கிறது. கீழே ஒரு பங்கு காற்றை இரண்டு பங்காக அழுத்தினால் போதும். ஊட்டியில் அதே அளவு உள்ளே போக 2.6 பங்காக அழுத்த வேண்டும். அதற்கு டர்போ இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும், அழுத்தும் காற்று இன்னும் சூடாகும். கொண்டை ஊசி வளைவுகளில் பத்து பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து ஏறும்போது அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரில் காற்றோட்டமும் இருக்காது. குஞ்சப்பனை தாண்டி ஒரு பஸ்ஸின் பின்னால் மாட்டிக்கொண்டு ஊர்ந்துவிட்டு, நேரான இடம் கிடைத்ததும் ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்தினால், அந்தச் சமயத்தில் உள்ளே போகிற காற்று சூடானது, அழுத்தமும் கடல் மட்டத்தில் இருப்பது மாதிரியே இருக்கும். நாக்கிங்குக்கு இதைவிட வசதியான சூழ்நிலை கிடையாது. ஆகவே டர்போ காரில் மலை ஆக்டேன் தேவையைக் குறைப்பதாக எண்ணிக் கீழ் எண்ணுக்கு இறங்காதீர்கள். மூடியில் உள்ள 98ஐ உங்கள் வண்டி உண்மையாகவே பயன்படுத்திக்கொள்ளும் இடம் இந்த ஏற்றம்தான்.

அப்படியானால் ஊட்டியில் மந்தமாக இருப்பது ஏன்? டர்போ சுற்ற ஆரம்பிக்கும் முன்பு உங்கள் இன்ஜினும் சாதாரண இன்ஜின்தான், அந்த வேளையில் காற்று குறைவது அப்படியே தெரியும். அப்புறம் டர்போ எழுந்துவர வழக்கத்தைவிட நேரம் எடுக்கிறது. மேல் சுற்றில் டர்போ தன் வேக வரம்பைத் தொட்டுவிட்டால், அது உடையாமல் காக்கக் கம்ப்யூட்டர் அழுத்தத்தைக் குறைத்துவிடும். இந்த மூன்றுமே காற்று சம்பந்தப்பட்டவை, இவற்றில் ஆக்டேனுக்கு வேலையில்லை. ஒரு கியர் குறைத்து இன்ஜின் சுற்றை மேலே வைத்து ஓட்டினால் மந்தம் பெருமளவு போய்விடும், காசும் செலவில்லை. ஆட்டோமேட்டிக் என்றால் ஸ்போர்ட் மோடில் போட்டு ஏறுங்கள். அதிக கியரில் குறைந்த சுற்றில் முழு ஆக்ஸிலரேட்டர் வைப்பது டர்போ இன்ஜினுக்கு மிகக் கெடுதல்.

ஆக்டேனும் உயரமும் எப்படி ஒன்றோடொன்று பிணைந்திருக்கின்றன என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் இரண்டாம் உலகப் போரில் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் விமானங்களில் இருந்த ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் இன்ஜின். 1940இல் பிரிட்டிஷ் விமானப்படை 87 ஆக்டேனிலிருந்து 100 ஆக்டேனுக்கு மாறியது. பெட்ரோலை மட்டும் மாற்றியிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. டர்போ போலவே காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜர் கொடுக்கும் அழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்குச் சுமார் 6 பவுண்டிலிருந்து 12 பவுண்டுக்கு ஏற்ற அனுமதித்தார்கள், அதைத் தாங்க 100 ஆக்டேன் வேண்டியிருந்தது. சுமார் 1,000 குதிரை கொடுத்த இன்ஜின் 1,300 வரை கொடுத்தது. ஆனால் அது கீழ் உயரங்களில்தான். மேலே போகப் போகக் காற்று மெலிந்து, சூப்பர்சார்ஜரால் அந்த 12 பவுண்டைக் கொடுக்க முடியாமல் போனபோது, 100 ஆக்டேனின் லாபமும் கரைந்துவிட்டது. உங்கள் கேள்விக்கு ஒரு போர் விமானம் அன்றே பதில் சொல்லிவிட்டது என்று எனக்குத் தோன்றும்.

இனி நம் பெட்ரோல் பங்குகளில் என்ன கிடைக்கிறது என்று பார்க்கலாம். பிஎஸ் 6 என்ற மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்தபிறகு சாதாரணப் பெட்ரோலுக்குக் குறைந்தபட்சம் 91 என்று ஆனது. இப்போது பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த ஈ20, அதன் ஆக்டேன் 95 என்று அரசுத் தரப்பு சொல்கிறது. எத்தனாலின் ஆக்டேன் 108க்கு மேல் என்பதால் அதில் ஆச்சரியமில்லை. ஆவியாகும்போது நிறைய வெப்பத்தை உறிஞ்சிக் கலவையைக் குளிர்விக்கிற குணமும் அதற்கு உண்டு, டர்போவுக்கு அது நல்லதுதான். ஆனால் எத்தனாலில் ஒரு லிட்டருக்குள்ள வெப்பம் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். ஆக்டேன் கூடி, சக்தி குறைந்த எரிபொருள் ஒன்றை எல்லோருமே இப்போது டேங்கில் வைத்திருக்கிறோம். ஆக்டேன் வேறு, சக்தி வேறு என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி எனக்குத் தெரியவில்லை. உங்கள் வண்டிக்கு 95 என்ற எண் சரியாக இருந்தாலும், அதன் பம்ப், குழாய், சீல் எல்லாம் 20 சதவீத எத்தனாலைத் தாங்குமா என்பது வேறு கேள்வி. மூடியில் வட்டத்துக்குள் ஈ5 அல்லது ஈ10 என்று இருக்கிறதா பாருங்கள். அதுவரைதான் என்றால் ஈ20ஐத் தொடர்ந்து போடுவது பற்றி உங்கள் கம்பெனி சர்வீஸ் சென்டரில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதிக விலைப் பெட்ரோல் வாங்க ஆக்டேனைவிட இது நியாயமான காரணமாக இருக்கலாம்.

எச்பியின் பவர் 99, இந்தியன் ஆயிலின் எக்ஸ்பி 100 போன்றவை சில ஊர்களில், சில பங்குகளில் மட்டும் கிடைக்கும். கோவைக்குப் போகும்போது நிரப்பிக்கொண்டு வருவதுதான் உங்களுக்கு நடைமுறை. 98ஐ ஒட்டிய எண் கிடைத்தால் அது போதும். இவற்றில் கலக்கும் சுத்திகரிப்புப் பொருள் இன்ஜினைக் கழுவிப் புதிதாக்கும் என்பதில் பாதி உண்மை. இன்ஜெக்டர் முனை சுத்தமாக இருக்கும். ஆனால் உங்கள் மாதிரி டர்போ கார்களில் பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் தெளிக்கப்படுகிறது, வால்வின் பின்பக்கம் அது படுவதே இல்லை. அங்கே படியும் கரி எந்தப் பெட்ரோலாலும் போகாது.

எல்லாவற்றையும் தலைகீழாக்கக்கூடிய ஒரு விஷயம் உண்டு, அதை முதலில் பாருங்கள். வண்டியை இன்னொருவரிடமிருந்து வாங்கியிருக்கிறீர்கள். அவர் கம்ப்யூட்டர் மேப்பை மாற்றி டர்போ அழுத்தத்தை ஏற்றியிருந்தால், மூடியில் எழுதியிருக்கும் எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. அந்த மேப்பை எழுதியவர் எந்த ஆக்டேனுக்கு எழுதினாரோ அதுதான் உங்கள் குறைந்தபட்சம், அது 100 ஆகவும் இருக்கலாம். இப்படி வாங்கிய ஒரு வண்டி, 91 ஊற்றி ஓட்டி, பிஸ்டன் ரிங் உடைந்த நிலையில் எங்கள் பட்டறைக்கு வந்தது. வாங்கியவருக்கு மேப் மாற்றியது தெரியவே தெரியாது. விற்றவரிடம் கேளுங்கள், சந்தேகம் தீரவில்லை என்றால் மேப்பைப் படித்துக் கம்பெனி மேப்போடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

மேப் பழையபடியே இருந்தால் நண்பர் சொன்னதை நீங்களே சோதிக்கலாம், உணர்வை நம்ப வேண்டாம். காலைக் குளிரில் எந்த இன்ஜினும் நன்றாக இழுக்கும், விலை கூடிய பெட்ரோல் போட்ட அன்று எந்த வண்டியும் மென்மையாக ஓடுவதாகத் தோன்றும். இன்ஜின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஒரு ஓபிடி ஸ்கேனரை மாட்டி, பொறி வைக்கும் டைமிங்கையும், நாக்கிங்குக்காகப் பின்னுக்கு இழுத்த டிகிரியையும், உள்ளே போகும் காற்றின் வெப்பத்தையும் பதிவு செய்யுங்கள். டேங்க் கிட்டத்தட்டக் காலியான பிறகு புதுப் பெட்ரோலை நிரப்பி, கம்ப்யூட்டர் பழகிக்கொள்ளக் கொஞ்ச நாள் விட்டு, அதே ஏற்றத்தில் அதே கியரில் அதே அளவு ஆக்ஸிலரேட்டரில் மறுபடி பதிவு செய்யுங்கள். 95இல் நான்கு டிகிரி பின்னுக்கு இழுத்தது 98இல் பூஜ்யத்துக்கு வந்துவிட்டால் உங்கள் காசுக்குப் பலன் இருக்கிறது. 98இலேயே பூஜ்யம் என்றால் 100 தரப்போவது ஒன்றுமில்லை. நேரம் அளந்து பார்க்க ஆசையென்றால் அதைச் செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் வைத்துக்கொள்ளுங்கள். காட் ரோட்டில் யானையும் வரும், பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வருவார்கள்.

பெட்ரோலில் கலந்து ஆக்டேனை ஏற்றும் பூஸ்டர் பாட்டில்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘30 பாயின்ட் கூடும்’ என்று அச்சிட்டிருந்தால் அது பெரும்பாலும் 3 எண்தான். பத்து பாயின்ட்டுக்கு ஒரு எண் என்பது அந்தத் தொழிலின் கணக்கு. சிலவற்றில் மாங்கனீஸ் கலவை இருக்கும், அது ஸ்பார்க் பிளக்கில் செம்பழுப்பாகப் படியும். தொடர்ந்து ஊற்றுவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

கடைசியாக, 98 கிடைக்காத நாட்களில் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேப் மாற்றப்படாத வண்டி என்றால் 95 ஊற்றித் தைரியமாக ஓட்டுங்கள், கம்பெனியே அனுமதித்த எண் அது. வேறு வழியே இல்லாமல் 91 ஊற்ற வேண்டிவந்தால், அடுத்த நல்ல பங்க் வரை போகத் தேவையான சில லிட்டர் மட்டும் ஊற்றி, முழு ஆக்ஸிலரேட்டர் வைக்காமல், குறைந்த கியரில் பொறுமையாக ஏறுங்கள். பிறகு நல்ல பெட்ரோலால் டேங்கை நிரப்பிவிடுங்கள். மழைக்காலத்தில் வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பதாயிருந்தால் டேங்கை நிறைத்து நிறுத்துங்கள். பாதி டேங்கில் நம் மலையின் ஈரக்காற்று புகுந்து, எத்தனால் அந்த ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் மிகுந்துவிட்டால் எத்தனாலும் தண்ணீரும் தனியாகப் பிரிந்து அடியில் தங்கும், அப்போது மேலே நிற்கும் பெட்ரோலின் ஆக்டேனே இறங்கிவிடும். நீங்கள் 98 போட்டு நிறுத்தினாலும் திரும்ப எடுக்கும்போது அது 98ஆக இருக்காது.